அழித்த பின்னும் அழியாதது

கைபேசியில் பார்த்தவற்றை அழித்துவிட்டால் பொலிஸார் அறிய வழியில்லை என்று நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. தலவாக்கலைத் தோட்டங்களின் லயங்களுக்கு நெடுங்காலமாகக் கடிதங்கள் தோட்டத்து ஆபீஸ் வழியாகவே வந்தன. படித்தவன் கடிதத்தை அடுப்பிலிட்டாலும், யாருக்குக் கடிதம் வந்தது என்பதை ஆபீஸ் அறியும். இணையமும் அத்தகையதே. எந்நேரம் எத்தளத்தை நாடினோம் என்ற குறிப்பு சேவை வழங்கும் நிறுவனத்திடம் தங்கக்கூடும். மறையாக்கம் செய்த தளத்தினுள் என்ன படித்தோம் என்பது மட்டும் அதற்குப் புலப்படாது.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அக்குறிப்பைப் பெற நீதவானின் ஆணை வேண்டும் என்கிறது. நன்று. ஆனால், அவசரமெனில் ஆணையின்றியும் பெறலாமாம்! அவசரம் எது என்று முதலில் தீர்மானிப்பவரோ விசாரணை செய்பவரே.

எழுதுவோர்க்கு இது வெறுஞ் சட்டப் பேச்சன்று. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார முகநூலில் இட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தார். 2021இலேயே வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் எழுதியதோ ஊரறிய வெளியிட்ட கதை. ஒருவன் தனிமையில் தேடிப் படித்தது அதனினும் அந்தரங்கமானதன்றோ?

ஆணைக்குக் காத்திருந்தால் தடயம் அழிந்துவிடும் என்பர். அதற்கு விடை அச்சட்டத்திலேயே உண்டு. குறிப்பை ஏழு நாள் அழியாமல் காக்குமாறு எழுத்தில் அறிவித்தல் கொடுக்கலாம். ஏழு நாளில் ஒரு நீதவானைக் காண முடியாதா?