ஆங்கிலத்தின் சிறு சொற்கள்



ஆங்கிலம் கற்கும் நம் இல்லத்துப் பிள்ளைகள் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்சுகின்றனர். அவற்றை அகராதியில் தேடி மனனம் செய்கின்றனர். ஆயினும் அவர்கள் எழுதும் மடல்களையும் விண்ணப்பங்களையும் நாம் நோக்குங்கால், பிழை மலிந்து கிடப்பது சின்னஞ்சிறு சொற்களிலேயே. 'இன்', 'ஆன்', 'அட்', 'டு', 'ஃபார்' முதலிய முன்னிடைச் சொற்களும், 'அண்ட்', 'ஆர்', 'பட்' முதலிய இணைப்புச் சொற்களுமே அவை. இம்மாதம் அவற்றைச் சற்று ஆராய்வோம்.

இப்பிழைகளுக்குப் பெரிதும் காரணமாவது நம் தாய்மொழியின் அமைப்பே. தமிழில் வேற்றுமை உருபு பெயரின் இறுதியில் ஒட்டி நிற்கும். ஆங்கிலத்திலோ அவ்வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். இடம் மாறுவது மட்டுமே வேறுபாடாயின் தொல்லை சிறிதே. ஒன்றுக்கு ஒன்று என்னும் கணக்குப் பொருந்தாமையே பெருந்தொல்லை. 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபினை எடுத்துக்கொள்வோம். 'மதுரைக்குச் சென்றான்' என்பதற்கு 'டு' வேண்டும். 'ஆறு மணிக்கு வந்தான்' என்பதற்கு 'அட்' வேண்டும். 'கூலிக்கு உழைத்தான்' என்பதற்கு 'ஃபார்' வேண்டும். அவ்வாறே 'பெட்டியில்' என்றால் 'இன்', 'மேசையில்' என்றால் 'ஆன்', 'பேருந்தில் வந்தான்' என்றால் 'பை'. உருபு ஒன்று, ஆங்கிலச் சொற்களோ பல.

ஆகவே உருபினை மொழிபெயர்ப்பதை விடுத்து, வினைச்சொல்லையும் அதற்குரிய முன்னிடைச் சொல்லையும் ஒருசேரக் கற்பதே நன்று. 'டிபெண்ட்' என்று மட்டும் கற்காமல் 'டிபெண்ட் ஆன்' என்றே கற்க வேண்டும். 'டிஸ்கஸ்' என்னும் வினைக்கோ முன்னிடைச் சொல்லே வேண்டியதில்லை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் எண்ணுவதாலேயே நாம் 'அபௌட்' என்பதை வீணே சேர்க்கிறோம். 'இரண்டு ஆண்டுகளாக' எனக் கால அளவைக் கூறும்போது 'ஃபார்' வரும். '2020 முதல்' எனத் தொடக்கத்தைக் கூறும்போது 'சின்ஸ்' வரும். இவ்விரண்டையும் மாற்றி எழுதாத மாணவர் அரியர்.

'பொருள் விளங்கினால் போதாதா?' என்று சிலர் வினவலாம். பேச்சில் பெரும்பாலும் போதும். ஆயின் எழுத்தில், அதுவும் சட்டத்திலும் விண்ணப்பத்திலும், இச்சொற்கள் ஒரு குடும்பத்தின் வாழ்வையே பாதிக்கக் கூடும். அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசு நிலங்களில் கனிமம் எடுக்கும் உரிமை பெற்றோர் ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்கு 'பிரையர் டு', அதாவது அந்நாளுக்கு முன்னர், உரிய பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. நெவாடா மாநிலத்தில் அத்தகைய உரிமையைக் கொண்டே பிழைத்துவந்த குடும்பம் ஒன்று, 1980 டிசம்பர் 31 அன்றே தாக்கல் செய்தது. 'ஆன் ஆர் பிஃபோர்' என்றிருந்தால் அந்நாளும் அடங்கியிருக்கும். 'பிரையர் டு' என்றிருந்தமையால் 30-ஆம் நாளோடு கெடு முடிந்துவிட்டது. 1985-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டத்தின் சொல்லை மாற்ற இயலாது எனத் தீர்ப்பளித்தது. ஒரு நாள் தாமதத்தையும் அது பொறுக்கவில்லை.

இணைப்புச் சொற்களும் இவ்வாறே. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவே 'பட்' என்று எழுதுவோர் பலர். 'மழை பெய்தபோதிலும் ஆனால் அவன் வந்தான்' என்று தமிழில் எவரேனும் எழுதுவரோ? இரண்டில் ஒன்றே போதும். 'அன்லெஸ்' என்னும் சொல்லில் 'இல்லாவிட்டால்' என்னும் எதிர்மறை உள்ளடங்கியுள்ளது. அதனுடன் 'நாட்' என்பதைச் சேர்த்தால் பொருள் தலைகீழாகும்.

எதிர்மறை வாக்கியத்தில் இன்னும் கவனம் தேவை. 'எனக்கு நிலமும் வீடும் இல்லை' என்று தமிழில் கூறினால், இரண்டுமே இல்லை என்பது தெளிவு. அந்த 'உம்'மை அப்படியே 'அண்ட்' ஆக்கினால், 'இரண்டும் சேர்ந்து இல்லை. ஒன்று இருக்கலாம்' என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. அங்கே 'ஆர்' என்பதே முறை. உதவி கோரி விண்ணப்பிக்கும் ஏழைக் கைம்பெண்ணுக்கு இது சிறிய வேறுபாடன்று.

இவ்வையம் கற்றோரையும் விட்டபாடில்லை. அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, போதைப்பொருள் குற்றவாளிகள் சிலருக்குக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து விலக்குத் தர வழி செய்தது. முந்தைய குற்றங்களைப் பற்றிய மூன்று கூறுகள் 'இல்லாதவராக' இருத்தல் வேண்டும் என்று விதித்து, அம்மூன்றையும் 'அண்ட்' கொண்டு இணைத்தது. மூன்றும் ஒருங்கே உடையவருக்கு மட்டுமே விலக்கு இல்லையா? அன்றி, ஒன்று இருந்தாலே விலக்கு இல்லையா? 2024 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்று இருந்தாலே விலக்கு இல்லை எனத் தீர்ப்பளித்தது. நீதிபதியர் அறுவர் ஒருபுறமும் மூவர் மறுபுறமும் நின்றனர். பலருடைய சிறைவாச ஆண்டுகள் அந்த ஒரு சொல்லைப் பற்றித் தொங்கின.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் நாள்தோறும் ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள சிறு சொற்களை மட்டும் அடிக்கோடிடட்டும். எந்த வினையோடு எது வந்தது என்பதை ஏட்டில் குறித்து வைக்கட்டும். விண்ணப்பம் எழுதி முடித்தபின், நாள், தொகை, நிபந்தனை ஆகியவற்றின் அருகே நிற்கும் சொல்லை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும். பெருஞ்சொல்லில் பிழை நேர்ந்தால் படிப்பவர் எளிதில் கண்டுகொள்வார். சிறு சொல் பிழைபட்டாலோ, வாக்கியம் செம்மையாகவே தோன்றும்; பொருள் மட்டும் வேறாகியிருக்கும்.

அடுத்த இதழில் 'எ', 'ஆன்', 'தி' என்னும் சுட்டுச் சொற்களைக் காண்போம்.