எண் இல்லாத பலகை

எங்க ஊர் ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்குக்கூட எண் உண்டு. கணவாய்க்குள் பஸ் நுழைந்ததும் இருபக்கமும் நிற்கிற கோபுரங்களில் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். இறக்கை உடைந்து விழுந்தால் யாரைக் கேட்பது என்று அந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். மருந்துக்கடையில் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் இருக்க வேண்டும். வக்கீல் என்று சொல்லிக்கொள்ள பார் கவுன்சிலில் பதிய வேண்டும். ஆனால் இன்னொருவரின் மனசுக்குள் கைவிட்டுத் துழாவ ஒரு பலகை போதும். ‘கவுன்சிலிங் சென்டர்’ என்று எழுதி, கீழே ஒரு செல்போன் நம்பரைப் போட்டுவிட்டால் ஆள் வந்துவிடும்.

அப்படி ஒரு பலகைக்குக் கீழேதான் என் சித்தி மகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அப்போது 19 வயது. இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, காலேஜுக்குப் போக மாட்டேன் என்கிறாள். உட்கார்ந்து பேசினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, சித்தப்பா நல்ல மனசோடுதான் கூட்டிப்போனார். பேச வைத்த உடனே அவள் ஒன்றும் பேசிவிடவில்லை. மூன்றாவது தடவைதான் பேசினாள். அவள் அழுதுகொண்டே வெளியே வந்தபோது அந்த ஆலோசகர் சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டார். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார்.

அவள் என்ன சொன்னாள் என்பது இந்தக் கட்டுரையில் இருக்காது. இவ்வளவு எழுதுவதற்கே அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

“அண்ணே, அவருகிட்டதானே சொன்னேன்?” என்று அன்றைக்கு ராத்திரி போனில் கேட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஒன்று உடைந்தால் டிக்கெட் போடுவது என் பிழைப்பு. டிக்கெட்டுக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார். அந்தப் பழக்கத்தில் இந்தப் புகாரை எங்கே போடுவது என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒன்று புரிந்தது. சட்டம் நிறையவே இருக்கிறது. அந்தப் பலகை அவை எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள சந்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

மனநல மருத்துவர் தவறு செய்தால் மாநில மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்றால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! ஆனால் அந்த மனிதர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ளவே இல்லை. வெறும் ‘கவுன்சிலர்’. வார்டு கவுன்சிலரையாவது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப்போட்டு மாற்றலாம். இவரை?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் ரகசியம் காக்கப்படுவதை உரிமை என்றே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விதிவிலக்குகள் மட்டும்தான். ஆனால் நோய் என்று யாரும் எழுதித்தராத ஒரு பெண்ணும், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஓர் ஆளும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்களா என்று வாதாடவே ஒரு வக்கீல் வேண்டும். 2021இல் துணை மருத்துவத் தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டம் வந்தது. உளவியலாளர்களையும் ஆலோசகர்களையும் அதன் பட்டியலில் சேர்த்தார்கள். மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு என்பது ஏற்பாடு. நான் பார்த்த பலகையில் எந்தப் பதிவேட்டின் எண்ணும் இல்லை.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறதே என்றார் ஒரு நண்பர். இருக்கிறது. அங்கே போனால் கட்டிய ஃபீஸும் கொஞ்சம் நஷ்டஈடும் கிடைக்கலாம். அதற்கு என் தங்கச்சி முதலில் தன் ரகசியத்தை இன்னும் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

சொத்துத் தகராறுக்காக வக்கீலிடம் சொன்னதை, குற்றம் செய்வதற்காகச் சொன்னதாக இல்லாதபட்சத்தில், நம் அனுமதியின்றி அவர் வெளியே சொல்லக்கூடாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது. வரப்புச் சண்டைக்கு ஒன்றரை நூற்றாண்டாக இருக்கிற மரியாதை 19 வயதுப் பெண்ணின் மனசுக்கு இல்லை.

சட்டமும் உளவியலும் தொழில் அறமும் ஒரே மேஜையில் உட்கார்ந்த ஒரு சம்பவம் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே நடந்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு இளம்பெண்கள், பெற்றோர் போலீசில் புகார் கொடுத்ததால் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே இன்னும் புரிதல் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். தன்பாலீர்ப்பை ‘குணப்படுத்துகிறேன்’ என்று இறங்கும் தொழில்முறையாளர்கள் மீது, லைசென்ஸைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிப்பட்ட ‘சிகிச்சை’ மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று மாநில கவுன்சில்களுக்கு எழுதியது.

எனக்கு மிகவும் பிடித்த உத்தரவு அது. ஆனால் லைசென்ஸே இல்லாதவரிடமிருந்து எந்த லைசென்ஸைப் பறிப்பது? விதிக்குள் இருக்கிற டாக்டர் பயப்படுவார். அதே வேலையை விதிக்கு வெளியே இருந்து செய்கிறவர் நிம்மதியாகத் தூங்குவார்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். இருக்கிறதே கொஞ்சம் பேர், அவர்களையும் விதி போட்டு விரட்டினால் சின்ன ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள் என்று. நியாயமான கவலைதான். ஆனால் டாக்டர் பற்றாக்குறை என்பதற்காக யார் வேண்டுமானாலும் ஆபரேஷன் செய்யலாம் என்று நாம் விட்டுவிடவில்லை. கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற பக்கத்து வீட்டு அக்காவிடம் யாரும் எண் கேட்கப் போவதில்லை. காசு வாங்கி, கதவைச் சாத்தி, ‘என்னிடம் எதையும் சொல்லலாம்’ என்று சொல்கிறவரிடம்தான் கேட்கிறோம்.

இன்னொரு பதில் உண்டு. கவுன்சில் இருந்துவிட்டால் மட்டும் எல்லாரும் யோக்கியமாகிவிடுவார்களா? மாட்டார்கள். உலகத்திலேயே பெரிய அமைப்புகளில் ஒன்றான அமெரிக்க உளவியல் சங்கத்துக்கு விரிவான அறவிதிகளும் அவற்றைக் கவனிக்கத் தனி அலுவலகமும் இருந்தன. அப்படியிருந்தும், கைதிகள் விசாரணையில் உளவியலாளர்கள் பங்கெடுப்பது பற்றிய விதிகளை ராணுவத் துறைக்குத் தோதாக அது தளர்வாக வைத்திருந்தது என்று 2015இல் வெளியான ஹாஃப்மன் அறிக்கை குற்றம்சாட்டியது. அறிக்கையின் சில பகுதிகளைச் சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் சங்கம் ஓட்டெடுப்பு நடத்தி, தேசியப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கெடுப்பதைத் தடை செய்தது. எழுதிவைத்த விதி இருந்ததால்தான் அதை வளைத்தாயா என்று கேட்க முடிந்தது.

சித்தப்பாவிடமும் பேசினேன். “பெத்த தகப்பன்கிட்ட சொல்லாம பொறவு யாருகிட்டடே சொல்லுவாவ? நான் என்ன அவள கொல்லவா போறேன்?” என்றார். அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. அவருக்குத் தெரியாததை, தெரிந்திருக்க வேண்டியவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ‘உங்கள் மகள் 19 வயதுப் பெண். அவள் சம்மதித்தால் சொல்கிறேன், இல்லையென்றால் அவளே சொல்லும்வரை காத்திருங்கள்’ என்று தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தைரியம் பயிற்சியால் வருவது. அது தவறினால் வேலை போகும் என்ற பயமும் கொஞ்சம் வேண்டும்.

கடைசியாக நமக்கு, அதாவது இதைப் படிக்கிற உங்களுக்கும் எனக்கும். யாராவது ‘மனசு சரியில்ல’ என்று எழுதினால் ‘தெரபிக்குப் போ’ என்று பதில் போட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். நானும் போட்டிருக்கிறேன். என் தங்கச்சிக்கே அப்படித்தான் சொன்னேன். பேசு என்று அனுப்பிவைத்தவர்களில் நானும் ஒருவன். யாரிடம், அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நான் விசாரிக்கவில்லை.

இனி ‘போ’ என்று சொல்லும்போது கூடவே மூன்று கேள்விகளையும் சொல்லி அனுப்புங்கள். உங்கள் பதிவு எண் என்ன? எந்த கவுன்சிலில்? நான் சொல்வதில் எதை, எப்போது, யாரிடம் சொல்வீர்கள் என்று எழுதித் தருவீர்களா? முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

அந்தப் பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது. போன தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன், புதுசாக லைட் போட்டிருந்தார்கள்.