தாயான சிறுமிக்கு யார் துணை?

குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு காப்பகத்துக்கு வரும் கருவுற்ற சிறுமிக்காக நம் நிர்வாகம் முதலில் திறப்பது ஒரு வழக்குக் கோப்பை. போக்சோ சட்டப்படி 18 வயது நிரம்பாதவரின் சம்மதம் செல்லாது; தகவல் தெரிந்தவர் புகார் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தின் கடமை அது. ஆனால் காவலர், மருத்துவர், வழக்கறிஞர் என்று ஆளுக்கொரு கேள்வியோடு வருகிறார்கள். பேறுகாலம் வரையும் அதன் பின்னும் உடனிருப்பவர் யார்?

2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் ‘ஆதரவு நபர்’ நியமனத்துக்கு இடமுண்டு. அது பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. ஆனால், வழக்கு நாளில் நீதிமன்ற வாசல்வரை வருவது மட்டும் துணையாகாது. பாலூட்டச் சொல்லித்தர வேண்டும், விட்டுப்போன பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதவைக்க வேண்டும். தந்தை பெயர் சொல்லாமலே பிறப்புச் சான்றிதழ் பெறலாம் என்பதை (2015 தீர்ப்பு இது, எத்தனை அலுவலகங்கள் அறியும்?) எடுத்துச்சொல்லிப் பெற்றுத்தர வேண்டும். குழந்தையைத் தத்துக்காக ஒப்படைத்தாலும் மறுபரிசீலனைக்கு இரண்டு மாத அவகாசம் உண்டென்பதை, கையெழுத்துக்கு முன்பே அவளிடம் சொல்ல வேண்டும். குடும்ப மானம் பேசும் உறவினர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் இதற்கென முழுநேரச் சமூகப் பணியாளர்களை அரசு நியமிக்கட்டும். தாயும் சேயும் சேர்ந்து தங்கும் அறைகளையும், காப்பகத்தை விட்டபின் 21 வயதுவரை தரப்படும் பின்காப்பில் அந்தச் சேய்க்கும் இடத்தையும் உறுதிசெய்யட்டும்.