சூளைக்குப் போகும் பிள்ளைகளின் படிப்பு: எங்கள் நிலைப்பாடு

பொங்கல் கழிந்ததும் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்குக் கிளம்புகின்றன. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டத்துக்காரர்கள் இன்னும் முன்னதாக, நுவாகாய் அறுவடைத் திருவிழா முடிந்த பிறகு முன்பணம் வாங்கிப் புறப்பட்டுவிடுகிறார்கள். கோடை முடியும்வரை அவர்களுக்குச் சூளைதான் ஊர். முழு ஆண்டுத் தேர்வு வருவதும் இதே மாதங்களில்தான்.

"இவங்களுக்குப் படிப்போட அருமை தெரியல" என்ற பேச்சைப் பள்ளியிலும் கேட்கிறோம், அலுவலகங்களிலும் கேட்கிறோம். அதை நாங்கள் முற்றாக மறுக்கிறோம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுப்பது சூளையின் கூலிமுறை.

கல் அறுப்புக்குக் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. நாள் கணக்கும் இல்லை, ஆள் கணக்கும் இல்லை. மண் குழைப்பது, அச்சில் போடுவது, காயவைப்பது, புரட்டுவது, அடுக்குவது எல்லாம் அந்த ஒரே கூலிக்குள் அடக்கம். முன்பணமோ கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் பழைய கடனுக்கும் ஏற்கெனவே செலவாகியிருக்கும். கல் குறைந்தால் கடன் கழியாது. கழியாவிட்டால் அடுத்த வருஷமும் முன்பணம் கொடுத்த அதே மேஸ்திரி, அதே சூளை. எட்டு வயதுப் பிள்ளை அரைக்காய்ச்சல் கல்லைப் புரட்டிப்போட்டால், அந்த நேரத்தில் அம்மா இன்னும் கொஞ்சம் கல் அறுப்பாள். ஒடிசாவில் ஆள் பிடிப்பதே 'பதூரியா' என்ற கணக்கில் நடக்கிறது: கணவன், மனைவி, கூட இன்னொருவர். அந்த இன்னொருவர் பல குடும்பங்களில் பிள்ளைதான்.

கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்துவிட்டது. ஆனால் முன்பணத்துக்காகக் குடும்பத்தையே கட்டிவைக்கும் வழக்கம் பல சூளைகளில் நீடிக்கிறது; வடமாவட்டங்களில் மீட்கப்படுகிறவர்களில் இருளர் குடும்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. சூளை முதலாளியுடையது, அங்கே பிள்ளை செய்வதைக் குடும்பத் தொழில் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. சட்டத்தில் அந்த விதிவிலக்கே இருந்திருக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை தொழிலாளர் துறைக்கு. வேலை செய்யும் பெரியவர் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே கணக்கு எழுதி, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் வாரந்தோறும் கொடுக்க வேண்டும். பிள்ளையின் கை சேர்ந்தால்தான் கூலி கட்டுப்படியாகும் என்ற நிலை இருக்கும்வரை பள்ளியில் எத்தனை சலுகை கொடுத்தாலும் போதாது.

பள்ளி செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. இது தெரியாமலோ தெரிந்தேயோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. சூளைக்குப் போன பிள்ளையின் பெயரைச் சொந்த ஊர்ப் பள்ளி நீக்கக் கூடாது. சூளைக்கு அருகிலுள்ள பள்ளியில் இருந்த நாட்களும் அதே வருகைப்பதிவில் சேர வேண்டும். காலை உணவுத் திட்டம் அந்தப் பிள்ளைக்கும் முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும். திருவள்ளூரில் ஒடியா ஆசிரியர்களை வைத்துச் சூளைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திய அனுபவம் நமக்கு உண்டு. ஒரு மாவட்ட ஆட்சியரின் அக்கறையை நம்பியிராமல் அது நிரந்தர ஏற்பாடாக வேண்டும்.

பருவகால விடுதியில் பிள்ளைகளை ஊரிலேயே தங்கவைப்பது ஒடிசாவில் கடைப்பிடிக்கப்படும் வழி. அதை ஆதரிக்கிறோம். ஆனால் பத்து வயது அக்காவை விடுதியில் விட்டுப்போக அம்மாவால் முடிவதில்லை, ஏனென்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளை அழைத்துப்போகிறாள். சூளையில் ஒரு பால்வாடி இருந்தால் அந்த அக்கா வகுப்பில் உட்காருவாள். இத்தனை நேரடியான விஷயம் கல்வித் திட்டங்களில் இடம்பெறாதது எங்களுக்கு வேதனை. சூளைக்கு உரிமம் கொடுக்கும்போதே பால்வாடியைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். அதன் செலவு முதலாளியைச் சேர்ந்தது, ஆளும் சத்துணவும் அரசைச் சேர்ந்தவை.

பெற்றோருக்கு அபராதம், உதவித்தொகை நிறுத்தம் போன்ற யோசனைகள் எந்த வடிவத்தில் வந்தாலும் எதிர்ப்போம். அடுத்த பருவத்துக்கு முன்பணம் கைமாறுவதற்குள் இரு மாநிலங்களின் தொழிலாளர் துறையும் கல்வித் துறையும் ஒன்றாக உட்கார்ந்து, புறப்படும் ஊரிலேயே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, போய்ச்சேரும் ஒன்றியத்துக்கு அனுப்ப வேண்டும்.