வானத்தில் ஏற மணிக்கு என்ன வாடகை?

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் விமான நிலையம் கிடையாது. திருச்சிக்கு வருகிற விமானத்தையும், திருச்சியிலிருந்து கிளம்புகிற விமானத்தையும் மக்காச்சோளக் காட்டில் நிற்பவர் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு குனிந்து களை பறிப்பார். 2025 ஜூலை 27-ஆம் தேதி ஆடித் திருவாதிரை விழாவுக்காகப் பிரதமர் மோடி கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஹெலிகாப்டரில் வந்திறங்கினாரே, அது போன்ற நாட்கள் அபூர்வம்.

ஆனாலும் பொழுதுபோக்குக்காக விமானம் ஓட்டுகிற கலை நம் நாட்டில் ஏன் நலிந்து போயிற்று என்ற கேள்விக்கு, பட்டணத்துக்காரரைவிட இந்த இரண்டு ஜில்லாக்காரர்களே விரைவில் விடை சொல்லிவிடுவார்கள். காரணம், மணிக்கணக்கு வாடகை என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். உழவுக்கு டிராக்டர், கிணறு தூர் வார இயந்திரம், கதிரடிக்க இயந்திரம் எல்லாமே மணிக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. "டீசல் உங்களுடையதா, எங்களுடையதா?" என்பதுதான் பேரத்தில் முதல் கேள்வி.

சிறிய விமானத்தின் வாடகையும் அச்சாக இதே மாதிரிதான். அதிலும் மணி காட்டும் மீட்டர் உண்டு. எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தால் 'ஈர வாடகை', எண்ணெய் இல்லாமல் விமானம் மட்டும் கொடுத்தால் 'உலர் வாடகை' என்று மேல்நாட்டு விமானிகள் சொல்வார்கள். பெயர் வேடிக்கையாக இருந்தாலும் விஷயம் நம் களத்துமேட்டு விஷயமே.

எண்ணெய் குடிக்கும் வேகம்

நடுத்தர டிராக்டர் ஒன்று உழும்போது மணிக்கு நான்கைந்து லிட்டர் டீசல் குடிக்கும். 1955-ல் முதன்முதலாகப் பறந்து, இன்றுவரை உலகெங்கும் கற்றுக்குட்டிகளைச் சுமந்துவரும் நான்கு பேர் விமானமான 'செஸ்னா 172' மணிக்கு 30 முதல் 35 லிட்டர் வரை குடிக்கிறது. அதுவும் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பெட்ரோல் அல்ல. ஈயம் கலந்த 100 ஆக்டேன் விமானப் பெட்ரோல். 'அவ்கேஸ்' என்பது அதன் பெயர்.

பெரிய ஜெட் விமானங்கள் குடிப்பது வேறு எண்ணெய்; அது மண்ணெண்ணெயின் இனம். அவ்கேஸுக்கு நம் நாட்டில் வாடிக்கை குறைவு. ஆகையால் நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வரவழைத்துக் கொண்டிருந்தோம். 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம், தனது வடோதரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரான சொந்த அவ்கேஸை வெளியிட்டது. 2023 ஜனவரியில் பப்புவா நியூகினிக்கு அது ஏற்றுமதியும் ஆயிற்று. வாங்கி வந்தவன் விற்கத் தொடங்கினான் என்றால் சந்தோஷமே. ஆனால் கப்பல் கூலி மிச்சம் என்பது வேறு, கச்சா எண்ணெய் விலை என்பது வேறு. அது எங்கோ வளைகுடாவில் முடிவாகிறது.

இந்த எண்ணெய்க்கு ஆயுளும் கெட்டியில்லை. ஈயம் கலந்த விமானப் பெட்ரோலின் புகை மக்களின் ஆரோக்கியத்துக்குக் கேடு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2023 அக்டோபரில் தீர்மானித்துவிட்டது. 2030-க்குள் ஈயத்தை ஒழிக்க அந்நாடு குறி வைத்திருக்கிறது. ஜெட் எண்ணெயில் ஓடும் டீசல் வகை என்ஜின்களைச் சிறு விமானத்தில் பொருத்துகிறார்கள். அவை கொஞ்சமாகக் குடிக்கும். ஆனால் அந்த எண்ணெய் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால் மாநில வரி தனி. 2022-ல் தமிழ்நாட்டில் அது 29 சதவீதம்.

கொட்டகையில் நின்றாலும் செலவு

எண்ணெய் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. டிராக்டர் சும்மா நின்றால் மாதத் தவணை நின்றுவிடுகிறதா? விமானமும் அப்படித்தான். நிறுத்துமிட வாடகை, இன்ஷூரன்ஸ், என்ஜினீயர் சம்பளம் எல்லாம் பறந்தாலும் உண்டு, பறக்காவிட்டாலும் உண்டு. சாதாரணமாக 2,000 மணி ஓடியதும் என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் ஒவ்வொரு மணியிலும் கொஞ்சம் எடுத்து வைத்தாக வேண்டும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு கழகத்தின் ஒற்றை விமானத்துக்கு, நின்றாலும் ஓடினாலும் ஆகிற செலவு வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 600 மணி பறந்தால் மணிக்கு 2,000 ரூபாய் இதற்குச் சேரும். எண்ணெய் விலை ஏறுகிறது. பத்து அங்கத்தினரில் நான்கைந்து பேர், "வருகிற மாதம் பார்க்கலாம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். பறப்பது 300 மணியாகக் குறைந்தால் அதே 12 லட்சம் மணிக்கு 4,000 ரூபாயாகிவிடும். ஏறிய எண்ணெய் விலை தனி! வாடகை ஏறியதைக் கண்டு இன்னும் இரண்டு பேர் ஒதுங்குவார்கள். வாடகை மறுபடியும் ஏறும்.

டிராக்டர் தொழில் இப்படிச் சரிந்துவிடவில்லை. ஏன்? டீசல் விலை ஏறினாலும் மழை பெய்தால் உழுதே ஆகவேண்டும். கடன் வாங்கியாவது உழுவார்கள். பொழுதுபோக்குக்குப் பறப்பவரை எந்த மழையும் அவசரப்படுத்தாது. விமான எண்ணெய் விலையைவிட அவருடைய மனம்தான் கழகத்தின் கணக்கைக் கவிழ்க்கிறது.

பறப்பதைக் குறைப்பதில் ஆபத்தும் உண்டு. கை பழக்கம் விட்டுப்போகும். அமெரிக்காவில், முந்திய 90 நாட்களுக்குள் மூன்று தடவையாவது ஏறி இறங்கியிராத விமானி பிறரை ஏற்றிக்கொண்டு பறக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

மான்யம் இருந்த காலம்

ஜே. ஆர். டி. டாட்டா 1929 பிப்ரவரி 10-ஆம் தேதி விமானி லைசென்ஸ் பெற்றார். அதை ஒட்டிய ஆண்டுகளில் பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய இடங்களில் பறக்கும் கழகங்கள் எழுந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் அவற்றுக்குச் சர்க்கார் மான்யம் கிடைத்தது. கழகங்களுக்கென்றே பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 'புஷ்பக்' என்ற இரண்டு பேர் விமானத்தைக் கட்டியது; 1958 செப்டம்பரில் அது முதன்முதலாகப் பறந்தது. சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை மீனம்பாக்கத்துக்குப் போய்ப் பறந்துவரும் வழக்கம் அந்த மான்யத்தின் நிழலில்தான் வளர்ந்தது.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை முறுக்கின. பீப்பாய் ஏறக்குறைய 3 டாலராக இருந்தது சில மாதங்களில் 12 டாலரை நெருங்கிற்று. சொகுசுக்குப் பெட்ரோலா என்ற கேள்வி எந்த நாட்டிலும் எழத்தானே செய்யும்! நியாயமான கேள்விதான். ஆனால் சொகுசுக்காரர் வெளியேறியதும் அந்த விமானத்தின் செலவு முழுவதும் யார் தலையில் விழுந்தது? உத்தியோகத்துக்காகக் கற்க வரும் வாலிபர் தலையில்தான்.

சொந்த உபயோகத்துக்கான லைசென்ஸுக்குக் குறைந்தது 40 மணி பறந்திருக்க வேண்டும்; வயது 17 ஆகியிருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஓட்டுவதற்கான லைசென்ஸுக்கோ 200 மணி. ஈர வாடகை மணிக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் முன்னதற்கு 4,80,000. பின்னதற்கு 24 லட்சம். சாப்பாடு, தங்குமிடம், பரீட்சைக் கட்டணம் இதில் சேரவில்லை. மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் வேப்பந்தட்டைக் குடும்பமோ, சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டும் அரியலூர்க் குடும்பமோ இதற்குக் காட்டை விற்க வேண்டியதுதான். வாடகையில் மணிக்கு 1,000 ரூபாய் குறைந்தால் அந்தப் பையனுக்கு 2 லட்சம் மிச்சம்.

சேலத்தில் ஒரு வாய்ப்பு

குறைக்க முடிந்த ஒரு செலவைச் சர்க்கார் குறைத்திருக்கிறது. பயிற்சிப் பள்ளிகள் தங்கள் வருமானத்தில் விமான நிலைய ஆணையத்துக்குப் பங்கு கட்டி வந்தன. புதிய கொள்கையின்படி அந்தப் பங்கு ரத்தாயிற்று; நில வாடகையும் குறைக்கப்பட்டது. அக்கொள்கையின் கீழ் 2022-ல் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்ட விமான நிலையங்களில் சேலமும் ஒன்று. பெரம்பலூர்ப் பையன் ஆத்தூர் வழியாகப் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

இன்னொரு வழி, குறைவாகக் குடிக்கும் விமானம். பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் இரண்டு பேர் பயிற்சி விமானமான 'ஹன்சா - என்.ஜி.' 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. அதில் உள்ள ரோட்டாக்ஸ் இன என்ஜின், காருக்கு ஊற்றும் ஈயமில்லாப் பெட்ரோலிலேயே ஓடக்கூடியது. இவ்வகை என்ஜின்கள் மணிக்குக் குடிப்பது ஏறக்குறைய 20 லிட்டர்தான். செஸ்னாவைவிட மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் மிச்சம். 200 மணிக்கு அது 2,000 லிட்டருக்கு மேல் வருகிறது.