ஓய்வுக்குப் பின் எந்தக் காப்பீடு?

"அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இப்போதுதான் தெரிய வந்தது என்று எழுதிவிடுங்கள், டாக்டர்." அண்மையில் ஒரு மகன் எங்களிடம் இவ்வாறு கேட்டார். அவர் பொய்யர் அல்லர். தந்தை தனியார் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே நிறுவனத்தின் குழுக் காப்பீடும் முடிந்துபோயிற்று. அவசரமாக ஒரு தனியார் பாலிசி எடுத்தார்கள். முகவர் சொன்னபடி, நோய்கள் குறித்த கேள்விகளுக்கெல்லாம் 'இல்லை' என்று குறித்தார்கள். (முகவரைக் குறை கூறிப் பயனில்லை, கையெழுத்து நம்முடையது.) இரண்டாம் ஆண்டிலேயே மாரடைப்பு வந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் உட்கொள்பவரின் நோய் வரலாற்றை எங்களால் மாற்றி எழுத இயலாது. ஆஞ்சியோகிராமுக்குச் செலுத்தும் சாயத்தை அவருடைய சிறுநீரகம் தாங்குமா என்பதையே அவ்வரலாற்றைக் கொண்டுதான் கணிக்கிறோம்.

ஓய்வு பெறுவோர் முதலில் பார்க்க வேண்டியது அரசுத் திட்டத்தையே என்பது எங்கள் கருத்து. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அங்கே காத்திருப்புக் காலம் இல்லை. உண்மையைச் சொல்ல அஞ்சவும் வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு மிகாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. "அந்த அட்டை நமக்கா?" என்று கூச்சப்படும் ஓய்வூதியர்கள் பலர். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியமாக மாதம் சில ஆயிரங்களே பெறுபவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 70 வயது நிறைந்தோருக்கு வருமான வரம்பின்றி ரூ.5 லட்சம் வரை என ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை விரிவுபடுத்தியது. தனியார் பாலிசி உள்ளவர்களும் அதற்குத் தகுதியுடையோரே. நீங்கள் செல்லும் மருத்துவமனை அதை ஏற்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நலம்.

குறைகளும் உண்டு. பட்டியலில் உள்ள மருத்துவமனைகள், பட்டியலில் உள்ள சிகிச்சைகள் மட்டுமே. மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகளுக்குப் பணம் வராது. ஆகவே பழைய தனியார் பாலிசி இருந்தால், அரசு அட்டை வந்துவிட்டது என்று அதைக் கைவிட வேண்டாம். இத்தனை ஆண்டுகளில் கடந்த காத்திருப்புக் காலம் அதோடு போய்விடும்.

புதிதாக எடுப்பவர் நோயை மறைக்காமல் எழுதுவதே இலாபம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பை அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைத்தது. தொடர்ந்து ஐந்தாண்டுகள் புதுப்பிக்கப்பட்ட பாலிசியில், மோசடி என நிறுவினாலன்றி, மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க இயலாது. அதற்கு முன்பு மறுக்கலாம். ஓய்வுக்குச் சில மாதங்கள் முன்பே, குழுக் காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்ற வழியுண்டா என்று அதே நிறுவனத்திடம் கேளுங்கள். பிரீமியத் தொகையை மட்டும் பார்க்காமல் அறை வாடகை வரம்பையும் பாருங்கள். நாளொன்றுக்கு ரூ.5,000 வரம்புள்ளவர் ரூ.10,000 அறையில் தங்கினால், வாடகை வித்தியாசத்தோடு போவதில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் ஆகியவற்றிலும் பாதி உங்கள் கையிலிருந்து போகக்கூடும். இது டிஸ்சார்ஜ் நாளில்தான் பலருக்குத் தெரிய வருகிறது.

அந்தத் தந்தையின் கிளெய்ம் மறுக்கப்பட்டது. அவருக்கும் மனைவிக்கும் தனிக் குடும்ப அட்டை. ஓய்வூதியம் மாதம் மூவாயிரத்துச் சொச்சம். அரசுத் திட்டத்துக்கு அவர்கள் விண்ணப்பித்ததே இல்லை. முதல் ஸ்டென்டுக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. இரண்டாவது அடைப்பைச் சில வாரங்கள் கழித்துச் சரிசெய்ய வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு இப்போது மனு செய்திருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் என்றே இருக்கிறது.