மரியாதையாக வெளியே போ!

சென்ற கோடையில் ஒரு கல்யாணத்துக்காகச் சாயல்குடிப் பக்கம் போயிருந்தேன். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பனை. பனையை விட்டால் சீமைக் கருவேலம். அதையும் விட்டால் வெயில். தெற்கே போனால் மூக்கையூர்க் கடல். பெண் வீட்டார் எனக்குத் தூரத்து உறவு. கல்யாணப் பூசை எந்த ஊர்க் கோயிலில் நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தது எந்த ஊர்க் கோயிலிலும் நடக்கக் கூடியதுதான்.

பிரசங்கம் முடிந்து காணிக்கை எடுக்கிற நேரம். ஒரு கிழவி உள்ளே வந்தாள். மீன் விற்கிறவள். கூடையை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் கூடையின் வாடையையும் வாசலில் வைத்துவிட்டு வர முடியுமா? முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, நடுப் பாதையிலேயே மண்டியிட்டாள். பீடத்தைப் பார்த்து ஏதோ பேச ஆரம்பித்தாள். சத்தமாக இல்லை, முணுமுணுப்புத்தான். ஆனால் வீடியோ எடுக்கிறவருடைய காமிராவுக்கு அவள் குறுக்கே இருந்தாள். பட்டு வேட்டிக்காரர் ஒருவர் எழுந்து போய்க் குனிந்து அவள் காதில் ஒரு வார்த்தை சொன்னார். காதில் சொன்னதுதான், மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது.

"மரியாதையா வெளியே போயிரு, ஆத்தா."

அவள் எழுந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். போய்விட்டாள். காமிராக்காரர் பூட்ஸ் காலோடு பீடத்தின் படியில் ஏறி நின்று படம் எடுத்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மத்தியானப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர், வேதம் படித்தவர். அவர் சொன்னார்: "பார்த்தீர்களா சார்? நம் ஜனங்களுக்குப் பயபக்தி என்பதே போய்விட்டது. கலெக்டர் ஆபீசுக்குள் இப்படி நுழைவார்களா? கடவுள் என்றால் மட்டும் இளக்காரம்!"

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. நான் தலையை ஆட்டி வைத்தேன். அந்தத் தலையாட்டலுக்குப் பிராயச்சித்தமாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். கோயிலில் மரியாதை குறைந்துவிட்டது என்பது உண்மை. நற்கருணை எழுந்தேற்றத்தின்போது குனிய வேண்டிய தலைகள் டெலிபோனைப் பார்க்கக் குனிகின்றன. திருவிழா என்றால் பத்து நாளும் ஒலிபெருக்கி. நோயாளிக்கும் தூக்கமில்லை, கைக்குழந்தைக்கும் தூக்கமில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் எத்தனையோ பேர் மாண்டார்கள். அங்கே இடிந்து நிற்கிற மாதா கோயிலில், பீடம் இருந்த இடத்தில் சாய்ந்து நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். இவற்றையெல்லாம் தலைமையாசிரியர் கண்டித்தால் அவர் பக்கத்தில் நின்று நானும் கண்டிப்பேன்.

ஆனால் அவர் கண்டித்தது இவற்றை அல்லவே! கிழவியை. அங்கேதான் எங்களுக்குள் வழக்கு.

அவர் கலெக்டரை உவமை சொன்னார் பாருங்கள், கோளாறெல்லாம் அந்த உவமையில் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? வாசலில் இருக்கிற பியூனைச் சரிக்கட்டுகிறோம். யாரிடமாவது சிபாரிசுக் கடிதம் வாங்குகிறோம். கையைக் கட்டிக்கொண்டு, இல்லாத புன்னகையை வரவழைத்துக்கொண்டு, "ஐயா பார்த்துச் செய்யணும்" என்கிறோம். காரியம் முடிந்து வெளியே வந்ததும் அவரை மறந்துவிடுகிறோம், முடியாவிட்டால் திட்டுகிறோம். இதற்குப் பெயர் பயம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். காரியவாதம் என்று சொல்லுங்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்தி என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஆபீசை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கோயிலுக்குள் வைத்துவிட்டோம் என்பதுதான் என்னுடைய குற்றச்சாட்டு. மகனுக்கு உத்தியோகம் கிடைத்தால் வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டு. கிடைக்காவிட்டால் வேறு புனிதரிடம் விண்ணப்பம். குழல் விளக்கு ஒன்று காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, அதன் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்குக் கொட்டை எழுத்தில் "உபயம்" என்று குடும்பத்தின் பெயரை எழுதி வைக்கிறோம்.

ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசவில்லையா என்று வேதம் படித்தவர்கள் கேட்கலாம். பேசினார். சோதோம் பட்டணத்தில் ஐம்பது நீதிமான்கள் இருந்தால் அழிக்காமல் விடுவீரா என்று ஆரம்பித்துப் பத்துப் பேர் வரைக்கும் இறக்கிக்கொண்டு வந்தார். கருவாட்டுச் சந்தையில்கூட அப்படிப் பேரம் நடக்காது! ஆனால் யாருக்காகப் பேசினார்? தமக்காக அல்ல, ஊருக்காக. தாம் வெறும் தூசியும் சாம்பலும் என்று சொல்லிக்கொண்டே பேசினார். அந்தத் தைரியத்துக்கும் அந்தப் பணிவுக்கும் ஒரே மனசில் இடம் இருந்தது. நம்மிடம் இரண்டும் இல்லாததால், தைரியமாகப் பேசுகிறவனைக் கண்டால் பணிவில்லாதவன் என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் பாட்டிக்கு அந்தோணியாரோடு தினமும் சண்டை. தாத்தா கடலுக்குப் போய் வள்ளம் திரும்ப நேரமானால், விளக்கை ஏற்றி வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்: "என்ன அந்தோணியாரே, உறங்குறீரா? உம்மை நம்பித்தானே அனுப்புனேன்? உமக்கு இது அடுக்குமா?" பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். சின்னப் பையனான எனக்குச் சிரிப்பாக இருக்கும். வயசான பிறகுதான் ஒன்று உறைத்தது. அவ்வளவு கோபத்திலும் ஒரு தடவைகூட அவள் வாயில் "நீ" வந்ததில்லை. "நீர்"தான்.

இந்த "நீர்" என்ற வார்த்தையைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். தமிழில் எதிரே இருப்பவரைக் கூப்பிட மூன்று படிகள் உண்டு. தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் கடவுளை உரிமையோடு "நீ" என்று அழைத்தன. உத்தியோகஸ்தரை நாம் "நீங்கள்" என்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவ ஜபம், கத்தோலிக்கமானாலும் புராட்டஸ்டண்ட் ஆனாலும், இரண்டுக்கும் நடுவே "நீர்" என்ற படியில் வந்து நின்றது. 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் எத்தனையோ பழைய சொற்களை மாற்றியது. ஆனால் கடவுளை அழைக்கிற இந்தச் சொல்லை மாற்றவில்லை. "நீங்கள்" என்பதில் இருக்கிற தூரம் இதில் இல்லை. "நீ" என்பதில் நம்மைப் போன்றவர்களுக்கு வந்துவிடக் கூடிய அலட்சியமும் இல்லை. என் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கிட்டே போகவும் வேண்டும், கிட்டே போனாலும் அவர் அவர்தான், நாம் நாம்தான் என்பது அந்த ஒரு சொல்லில் அவளுக்குத் தெரிந்திருந்தது.

லத்தீன் போய்த் தமிழ் வந்ததனால் மரியாதை போய்விட்டது என்று பெருமூச்சு விடுகிறவர்களும் உண்டு. 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வழி திறந்துவிட்ட பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. அதற்கு முன்னால், சாமியார் பீடத்தைப் பார்த்து லத்தீனில் பூசை சொல்ல, பாட்டி பின்னால் உட்கார்ந்து தமிழில் ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். புரியாததனால் அவளுக்குப் பக்தி வரவுமில்லை, புரிந்ததனால் போய்விடவுமில்லை.

வெளிச் சடங்குகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மனிதனுக்கு முழங்கால் இருக்கிறது. அது மடங்காமல் மனசு மட்டும் மடங்கும் என்று நான் நம்பவில்லை. 1969-ல் இந்தியத் திருச்சபைக்கு ரோமாபுரி பன்னிரண்டு அம்சங்களை அனுமதித்தது. தரையில் உட்காரலாம், பாதரட்சையைக் கழற்றலாம், கைகூப்பலாம், பஞ்சாங்க நமஸ்காரம் செய்யலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. எங்கள் கரையோரத்துக் கிழவிகள் யார் அனுமதிக்கும் காத்திராமல் அதற்கு முன்பே செய்துகொண்டிருந்த காரியங்கள்! கிறிஸ்தவக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமல் வள்ளத்தைக் கரையில் போட்டுவிடுகிறார்களே, அதுவும் சடங்குதான். அந்த ஒரு நாள் பாட்டை விடுவது கடனாளியான மீனவனுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. சடங்கு வேலி, வேண்டியதுதான். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது?

மேய்ந்த கதை இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரில் 1872-ல் ஒரு கோயில் எழும்பியது. கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள், இரண்டும் பீடத்தில் வந்து சேரும், நடுவே சுவர். எதற்குச் சுவர்? ஒரு சாதிக்காரர் கண்ணில் இன்னொரு சாதிக்காரர் படக் கூடாது என்பதற்கு. அங்கே பூசை கண்டவர்கள் பயபக்தியில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. முக்காடு போட்டார்கள், முழங்காலில் நின்றார்கள், மௌனமாக இருந்தார்கள். தலைமையாசிரியர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். 1910-ல் சுவரை இடித்தபோது, அது வேண்டும் என்று நியாயஸ்தலம் வரைக்கும் போய்த் தோற்றார்கள். ஒருவரே ஆன கடவுளின் முன்னால், மிகுந்த மரியாதையோடு, நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் அந்தச் சுவர் நின்றது! சுவர் போய்விட்டது, தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்க்கிற ஊர்கள் போய்விடவில்லை. செத்தவர்களுக்கும் மரியாதை வேண்டுமாம்!

இதே ராமநாதபுரம் சீமையில் ஓரியூர் இருக்கிறது. அங்கே 1693 பிப்ரவரி 4-ம் தேதி வெட்டுண்டு மாண்ட அருளானந்தர், லிஸ்பனில் அரண்மனைப் பிள்ளையாக வளர்ந்தவர். போர்த்துகல் இளவரசரோடு விளையாடியவர். ராஜாவின் முன்னால் எப்படி நிற்க வேண்டும், எப்படிக் குனிய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1686-ல் இந்தச் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, பிறகு ஐரோப்பாவுக்குப் போனார். பழைய விளையாட்டுத் தோழர் அப்போது ராஜா. இங்கேயே இரும் என்றார். இருந்திருக்கலாம். 1690-ல் திரும்பி வந்து, காவி கட்டி மறவர் நாட்டில் அலைந்தார். அவர் முடிவுக்குக் காரணமான விவகாரத்தில் தடியத்தேவர் விலக்கி வைத்த மனைவி ஒருத்தி இருக்கிறாள். சேதுபதிக்கு உறவுப் பெண். கதை எழுதுகிறவனான எனக்கு அவள் முகமும் மறப்பதில்லை. அவளுக்கு நேர்ந்ததை எழுத வேறு கட்டுரை வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்: அரண்மனை மரியாதை நன்றாகத் தெரிந்த ஒருவர், கடவுளுக்குக் காட்ட வேண்டியது அது அல்ல என்று கண்டு அதை விட்டுவிட்டு வந்தார். நாமோ அவர் விட்டு வந்த அரண்மனையைக் கோயிலுக்குள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணப்பன் கதையைச் சொன்னால் அது சைவர்கள் கதை என்பார் தலைமையாசிரியர். சரி, இராயப்பர் கதையையே எடுத்துக்கொள்வோம். கடைசி இராப் போஜனத்தில் ஆண்டவர் சீஷர்களின் காலைக் கழுவ வருகிறார். இராயப்பர் காலை இழுத்துக்கொள்கிறார். எவ்வளவு மரியாதை! குரு எங்கே, என் புழுதிக் கால் எங்கே என்கிற மரியாதை. அந்த மரியாதையை ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை. காலை நீட்டாவிட்டால் உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிற அளவுக்குப் போய்விட்டார். இன்னொரு இடத்தில், காணிக்கை கொண்டு வந்தவனுக்குச் சகோதரனோடு மனஸ்தாபம் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையைப் பீடத்துக்கு முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகி வா என்கிறார். பீடத்தைவிட்டு ஒருவன் எழுந்து போக வேண்டியிருந்தால், அது இதற்காகத்தான். மீன் வாடைக்காக ஒருத்தியை எழுப்பி அனுப்பச் சொல்லி எந்தச் சுவிசேஷத்திலும் நான் படித்ததில்லை.

"மரியாதையா போயிரு" என்று தமிழில் சொன்னால் அது மிரட்டல். எவ்வளவு நல்ல வார்த்தையை எதற்குப் பழக்கிவிட்டோம்! மேலே இருக்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன் வழி விடுவதுதான் மரியாதை என்று தெருவில் கற்றுக்கொண்டோம். அதையே கோயிலில் கடவுளின் பெயரால் பாடம் நடத்துகிறோம். நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடவுள் என்பவர் காமிராவுக்குக் குறுக்கே யாரும் வருவதை விரும்பாதவர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு வளர்ந்தால், பிறகு அவர்கள் கோயிலுக்கே வராமல் போனதற்காக நாம் வருத்தப்பட உரிமை இல்லை.

சாப்பாடு முடிந்து பஸ்ஸுக்கு வந்தபோது, பூவரச மரத்தடியில் அந்தக் கிழவி கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மீன் முக்கால்வாசி விற்றுவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, என்றாலும் பக்கத்தில் போய், "கோயிலில் என்ன வேண்டிக்கொண்டீர்கள், ஆத்தா?" என்று கேட்டேன்.

"வேண்டிக்கிடலய்யா. பேரன் இலங்கை ஜெயில்ல கெடக்கான். போட்டோட பிடிச்சுட்டுப் போயிட்டாக. அவரு காதுலயும் போட்டு வைப்பமேன்னு போனேன். முழுசாச் சொல்லுமுன்ன எழுப்பிவிட்டாக."

அந்தப் பட்டு வேட்டிக்காரர் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பதும் அவளுக்குத் தெரியாது. மிச்ச மீனின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்:

"அதுனால என்ன? சாயங்காலம் குளிச்சிட்டு வந்து மிச்சத்தச் சொல்லிக்கிடுவேன். அவரு எங்க போயிறப் போறாரு?"